முனியப்பனுக்குச் சேதமின்மைச் சான்று

நல்லம்பள்ளியைத் தாண்டியதும் சாலையோரம் மூடிப்போன மாங்கூழ் ஆலை ஒன்று இருக்கிறது. அதன் கிடங்கில்தான் எங்கள் மையம் நடக்கிறது. பெயர், கலைப்பொருள் காப்பனுப்புகை மையம். வேலைக்குச் சேர்ந்த அன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்தப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தேன். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். பெயரைப் படித்தேன் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர்களுக்கும் அது நடந்திருக்கும்.

அதற்கு முன்பு மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி தூக்கிக்கொண்டிருந்தேன். இனி ஆகாது என்று முதுகு சொல்லிவிட்டது. இங்கே தூக்குவது குறைவு, நிற்பது அதிகம் என்றார்கள். அது உண்மைதான்.

மையத்தின் வேலை இதுதான். இந்த மாவட்டத்தில் படம் வரைகிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள், சிலை பிடிக்கிறவர்கள் வெளியூரில் யாருக்காவது விற்றால், அந்தப் பொருள் வழியில் உடையாமல் போய்ச் சேரும்படி கட்டி, சேதமின்மைச் சான்று கொடுத்து அனுப்பவேண்டும். முன்பெல்லாம் ஆளாளுக்கு வைக்கோலையும் பழைய வேட்டியையும் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிடுவார்கள். சிலது உடையும். மையம் வந்த பிறகு வழியில் உடைந்ததாக ஒரு புகார்கூட வந்ததில்லை. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் எங்கள் மேலாளர் பானுமதி மேடம் இதைத்தான் முதலில் சொல்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. உடையவேண்டியதெல்லாம் எங்களிடமே உடைந்துவிடும்.

வீழ்ச்சிச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்டிய பெட்டியைக் கப்பியில் மாட்டிக் கூரை வரைக்கும் ஏற்றி, அங்கிருந்து சிமெண்டுத் தரையில் விடவேண்டும். லாரியிலிருந்து விழுந்தால் தாங்குமா என்று தெரியவேண்டுமாம். இதைச் செய்கிறவர் சோதனைப் பொறியாளர் அருண்குமார் சார். பெட்டிக்குள் செங்கல்லைப் போட்டு விட்டுப் பார்க்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்ப செங்கல்லுக்குத்தான் காளியப்பா சான்று குடுக்க முடியும்" என்றார்.

ஒருவர் மண்ணில் மயில் செய்து கொண்டுவந்திருந்தார். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வாங்கியிருந்தார். கட்டினோம், ஏற்றினோம், விட்டோம். பெட்டி திம்மென்று உட்கார்ந்தது. உள்ளே சோளம் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அருண்குமார் சார் பெட்டியைச் சுற்றிவந்து மூலைகளைத் தடவிப் பார்த்தார்.

"பாருங்க. ஒரு கீறல் இல்ல."

"உள்ள மயிலு சார்..."

"மயிலு உங்க பொறுப்புங்க. பெட்டிதான் எங்க பொறுப்பு. பெட்டி பாஸ்."

சான்றில் முத்திரை விழுந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு: 'பெட்டி திறக்கப்படாதவரை இச்சான்று செல்லும்.' மயில்காரர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அடிக்கு அடி சோளம் கொட்டியது.

இப்படியிருந்தும் ஏன் வருகிறார்கள் என்றால், எங்கள் முத்திரை இல்லாமல் பார்சல் கம்பெனிக்காரர்கள் எதையும் ஏற்றமாட்டார்கள். அதிலும் சிலை என்றால், எந்தக் கோயிலில் திருடியது என்று கேட்டு செக்போஸ்ட்டில் இறக்கி வைத்துவிடுவார்கள் என்கிற பயம் வேறு.

ஒரு திங்கட்கிழமை, லோடு ஆட்டோவில் கலைமணி முனியப்பனைக் கொண்டுவந்தாள்.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண். சுட்ட மண்ணில் செய்த முனியப்பன், உட்கார்ந்த நிலையிலேயே இடுப்பு உயரம். ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, வலது கையில் கத்தி. மீசை காது வரைக்கும் போய், அங்கேயும் நிற்காமல் மேலே திரும்பியிருந்தது. முகமெல்லாம் சிவப்பு. கண் மட்டும் உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது. கருவிழி வைக்கவில்லை.

வாங்கியவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான். சிக்மகளூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். தோட்டத்து ஓரம் ஒரு மரத்தடியில் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமி வைக்கிறார்கள். அதை விட்டால் பழம் பறிக்கிற காலம் வந்துவிடும். பிறகு ஒருவருக்கும் லீவு கிடையாது.

நானும் என்னோடு வேலை செய்கிற மாது என்பவனும் இறக்கினோம். சாமியின் கத்தியைப் பிடித்துக்கொண்டே கலைமணி கூட வந்தாள்.

"பாத்துங்கண்ணா. இது போச்சுன்னா நானும் போயிட்டன்."

"ஏம்மா அப்படிச் சொல்ற?"

"பொம்பள கையில முனியப்பன் உக்காருவாரான்னு எங்கூருல பேசாத வாயி இல்லீங்கண்ணா. சட்டி செய்யறவ சட்டி செய்யட்டும்ங்கறாங்க. இது நல்லபடியா போயி ஞாயித்துக்கெழம உக்காந்துட்டா, அப்புறம் நான் சாமி செய்யறவ. இல்லீன்னா சாவற வரைக்கும் சட்டிதான்."

பானுமதி மேடம் உறுப்புச் சரிபார்ப்புக்கு வந்தார். கட்டும் முன்பு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே போய் ஒன்று குறைந்தால் யார் மேலும் பழி வரக்கூடாது.

"தலை?"

"இருக்குதுங்க."

"மீசை?"

"பாக்கறீங்களே மேடம்."

"பாக்கறது வேற, பதியறது வேற. மீசை?"

"இருக்குதுங்க."

"கண்ணு?" என்ற மேடம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கருவிழி எங்கம்மா?"

"அத அங்க போயித்தாங்க வெப்பாங்க. சாமிய உக்கார வெச்சப்புறந்தான் கண்ணு தொறக்கறது."

"அப்ப இது சேதமான பொருளு."

"சேதம் இல்லீங்க மேடம். இன்னும் தொறக்கல."

"ரெண்டு கருவிழி இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு இல்ல. நீ அதுக்கு என்ன பேரு வேணா வெச்சுக்க. சேதமான பொருளுக்குச் சேதமின்மைச் சான்று எப்படிக் குடுக்கறது? நாளைக்கி வாங்குனவங்க, வழியில கண்ணு உழுந்துடுச்சுன்னு எழுதிப் போட்டா?"

"கண்ணு எப்படிங்க மேடம் உழும்?"

"உழாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

கலைமணி என்னைப் பார்த்தாள். நான் மாதுவைப் பார்த்தேன். மாது கப்பியைப் பார்த்தான்.

கண் திறந்த சாமியைக் கட்டக்கூடாது, அதனால்தான் திறக்காமல் கொண்டுவந்தேன் என்று அவள் மறுபடியும் சொன்னாள். மேடம் கெட்டவர் இல்லை. வழி தேடினார். 'கண் பின்னர் வைக்கப்படும்' என்று குறிப்பு எழுதலாமா என்று பார்த்தார். அதற்கு இடம் இல்லை. கருவிழியைத் தனிப் பார்சலாக அனுப்பலாம் என்றார். தனிப் பார்சலில் என்ன இருக்கும் என்று அருண்குமார் சார் கேட்டார். கருப்பு மை இருக்கும். மை திரவம், கலைப்பொருளோடு திரவம் போகக்கூடாது. காய வைத்து அனுப்பினால் அது மை இல்லை.

"ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டா?" என்றார் அருண்குமார் சார்.

"யாருக்குங்க சார்? முனியப்பனுக்கா?"

"கருப்புப் பொட்டுதாம்மா."

கலைமணி சாமியின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒட்டுனது பிரிஞ்சிட்டா அதுவும் சேதந்தான்" என்று மேடம் அதையும் தள்ளிவிட்டார். முடிவாக, மேலிடத்தைக் கேட்டு எழுதினார். செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. புதன்கிழமை பதிலுக்குப் பதிலாக மேலிடமே வந்து இறங்கியது.

இணை இயக்குநர் மாதேஸ்வரன் சார் நல்ல உயரம், நல்ல குரல். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"இந்த மையத்தின் நோக்கம் கலைப்பொருளைக் காப்பது. கலைப்பொருளைக் காக்கவேண்டுமானால் முதலில் மையத்தைக் காக்கவேண்டும். மையத்தைக் காக்கவேண்டுமானால் விதியைக் காக்கவேண்டும். விதியைக் காக்கும்போது சில கலைப்பொருட்கள் இல்லாமல் போகலாம். அதற்காக நோக்கத்தைக் கைவிட முடியாது."

கைதட்டினோம். பிறகு கலைமணியின் பக்கம் திரும்பினார்.

"கலைஞர்களின் நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம் அம்மா. மதிப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு இன்னும் கூடவில்லை. அதுவரைக்கும் கண்ணைத் திறந்துவிடுவதுதான் முறை."

"அய்யா, இங்கயே தொறந்துட்டா அவங்க வேண்டான்னுட்டா என்னங்க பண்றது? ஒருக்கா கேட்டுட்டுத் தொறக்கறன்."

அவள் தோட்டத்துப் பெரியண்ணனுக்குப் போன் போட்டாள். ஊர் சார்பாக அவர்தான் சிலை செய்யச் சொன்னவர். போன் போகவில்லை. தோட்டத்தில் டவர் கிடையாது, அவர் சந்தைக்கு வந்தால்தான் கிடைக்கும் என்றாள். இணை இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம சுவர் எழுதற ஆள் இருப்பாரே. அவரைக் கூப்பிட்டு ரெண்டு புள்ளி வைக்கச் சொல்லுங்க."

அதைக் கேட்டதும் கலைமணியின் முகம் மாறிவிட்டது. "எங்கையால புடிச்ச மொகத்துல இன்னொருத்தன் முழி வெக்கறதா? நானே தொறக்கறன்" என்றாள். பையிலிருந்து தூரிகையை எடுத்துவிட்டு, எதிரில் யாரும் நிற்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். திறந்ததும் சாமி பார்க்கிற முதல் பார்வையை மனுஷன் வாங்கக்கூடாது. எதிரில் ஒரு சேவலை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் ஒரு கண்ணாடியாவது காட்டவேண்டும்.

"வளாகத்துக்குள்ள கால்நடைக்கு அனுமதி இல்ல" என்றார் மேடம்.

"சாவலுங்க மேடம்."

"காலு இருக்குதில்ல? நடக்குதில்ல?"

கண்ணாடியைக் கேட்டதற்கு அருண்குமார் சார், கண்ணாடி உடையும் பொருள், அதற்கு முதலில் வீழ்ச்சிச் சோதனை நடக்கவேண்டும் என்றார்.

கலைமணி சாமியின் பக்கவாட்டில் நின்று தூரிகையை நீட்டினாள். நானும் மாதுவும் பின்பக்கம் ஒதுங்கிவிட்டோம். அப்போது பதிவுக்குப் போட்டோ எடுக்க வந்திருந்தவர், பொருளும் அதிகாரியும் ஒரே படத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். இணை இயக்குநர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முனியப்பனுக்கு நேர் எதிரே போய் நின்றார். "வேண்டாங்கய்யா" என்று கலைமணி சொல்லச் சொல்ல, "உன் வேலையைப் பாரும்மா" என்றார்.

அவள் பார்த்தாள். இடது கண், வலது கண். அவ்வளவுதான்.

முட்டை மாதிரி இருந்த இரண்டு வெள்ளையும் சட்டென்று ஆளாகிவிட்டன. இணை இயக்குநரையே பார்த்தன. அவர் சிரித்த வாயை மூட மறந்து நின்றார். இடது பக்கம் ஓரடி நகர்ந்தார். முனியப்பன் பார்த்தார். வலது பக்கம் இரண்டடி நகர்ந்தார். அங்கேயும் பார்த்தார். நல்ல கைக்காரர் வைத்த கண் அப்படித்தான், எங்கே நின்றாலும் விடாது.

"நல்லா... வந்திருக்கு" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

படம் பதிவாகிவிட்டது, உறுப்பும் சரியாகிவிட்டது. கட்டுங்கள் என்று மேடம் எங்களிடம் சொன்னார். நானும் மாதுவும் அசையவில்லை.

"என்ன காளியப்பா?"

"கண்ணு தொறந்தாச்சுங்க மேடம். இனி துணி போட்டு மூடி, கயிறு போட்டு இறுக்கி, பொட்டியில போட்டு ஆணி அடிச்சா..."

"அடிச்சா?"

"தெரியலீங்க. இதுவரைக்கும் யாரும் அடிச்சுப் பாக்கல."

"இது பொருளுய்யா. பொருளு!"

"நேத்து வரைக்கும் பொருளுதாங்க. அப்பவே கட்டியிருப்பம். நீங்கதான் கண்ணில்லைன்னு சொன்னீங்க" என்றான் மாது.

மேடம் எங்களுக்கு மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். வேலை நேரத்தில் சும்மா நிற்பதற்கு அதுவாவது கையில் இருந்தது. அருண்குமார் சார், "நீங்கெல்லாம் இன்னும் எந்தக் காலத்துல இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு தானே போனார். முகத்துக்கு நேரே போய் டேப்பை இழுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். டேப்பை மறுபடியும் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"டேப்பு சரியில்ல" என்றார்.

"அப்ப கப்பியில ஏத்தி, கட்டாமயே..." என்று மேடம் ஆரம்பித்தார்.

"கப்பிக்கு சர்வீஸ் பண்ணி ரொம்ப நாளாச்சுங்க மேடம். பாதுகாப்பில்ல" என்றார் அருண்குமார் சார். அந்த மையத்தில் அவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தால் முனியப்பன் மடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. பதிவுப் படத்தில் இல்லாத உறுப்பு ஒன்று கூடுதலாக இருக்கிறது, இதுவும் குறைபாடுதான் என்று மேடம் எழுதினார். அதை எடுத்துவிடச் சொன்னார். நான் மாதுவைச் சொன்னேன், மாது வாட்ச்மேனைச் சொன்னான், வாட்ச்மேன் அருண்குமார் சாரைச் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் எலுமிச்சை அங்கேயே இருந்தது. மேடம் தன் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். போட்டுவிட்டு, முதுகு குறுகுறுக்கிறது என்று மறுபடியும் திருப்பிப் போட்டார்.

இணை இயக்குநர் தருமபுரி விருந்தினர் மாளிகையில் தங்கிவிட்டார். புதன்கிழமை கிளம்பும்போது கார் டயரில் எங்கள் பெட்டி ஆணி ஏறியிருந்தது. டயரை மாற்றினார்கள். வியாழக்கிழமை கிளம்பும்போது தும்மல் பிடித்துக்கொண்டது. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். யாரும் கேட்காதபோதும் சொன்னார்.

கலைமணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவளிடம் அழுகைகூட மிச்சம் இல்லை.

"கட்டாம அனுப்ப மாட்டாங்க. கட்டவும் ஆளில்ல. அப்படியே போனாலும் கண்ணு தொறந்ததப் பாத்து அவங்க எறக்க மாட்டாங்க. நான் எந்தப் பக்கம் போவறதுங்கண்ணா?"

டீ வாங்கிக் கொடுத்தேன்.

பத்து மணி வாக்கில் கர்நாடகா நம்பர் போட்ட மினி லாரி ஒன்று வந்து நின்றது. தலையில் உருமால் கட்டிய ஆள் இறங்கினார். பெரியண்ணன். பார்சல் வரவில்லை, போனும் இல்லை என்று தோட்டத்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கலைமணி எழுந்து நின்றாள். அவர் நேராக உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம்.

முனியப்பனுக்கு முன்னால் போனதும் நின்றுவிட்டார்.

"கண்ணு யாரு தொறந்தது?"

"நாந்தாங்கண்ணா. தொறந்தாத்தான் சான்றுன்னாங்க. உங்களுக்குப் போனு போட்டன், போவல."

"தொறந்தப்ப எதுருல என்ன நின்னுது? சாவலா?"

"இல்லீங்க." கலைமணி கையைக் காட்டினாள். "அவருங்க."

இணை இயக்குநர் அப்போதுதான் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தார். பெரியண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். மண்டியில் காய் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"சரி. அப்ப இவரு வரணும்" என்றார்.

"எங்க?" என்றார் இணை இயக்குநர்.

"தோட்டத்துக்குங்க. மொதப் பார்வைய வாங்குனது சாமி கூடவே வரணும். சாமி உக்கார்ற வரைக்கும் பார்வையிலயே இருக்கணும். எங்க பழக்கம் அதுங்க."

"நான் குரூப் ஒன் அலுவலர்."

"இருக்கட்டுங்க. நாங்க சாவலுன்னா சாவலு, ஆபீசருன்னா ஆபீசரு. வித்தியாசம் பாக்கறதில்ல."

இணை இயக்குநர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஃபைலைப் பார்த்தார்.

"சாதாரணமா," என்று இணை இயக்குநர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அங்கே போனதும் அந்தச் சேவலை என்ன செய்வீங்க?"

பெரியண்ணன் வேறு பக்கம் பார்த்தார். "அத அங்க போயிப் பேசிக்கலாங்க."

பிறகு, பதிலுக்கு ஒரு சேவல் கொடுத்தால் சாமி ஏற்றுக்கொள்வார், ஆனால் கொடுக்கிறவர் நேரில் வந்து தன் கையால் கொடுக்கவேண்டும் என்று அவரே விளக்கினார். இணை இயக்குநர் மூன்று முறை தும்மினார். மூன்றாவது தும்மலுக்குப் பிறகு, இது அலுவல்முறைப் பயணமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

ஆனால் பெட்டி இல்லாமல் பொருள் வெளியே போகக்கூடாது. விதி அப்படி. மேடம் அதை நினைவுபடுத்தினார். இணை இயக்குநர் மினி லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதற்கு அடிப்பலகை இருக்கிறது. மூன்று பக்கம் பலகை இருக்கிறது. பின்னால் கதவு இருக்கிறது. இது பெட்டி இல்லை என்று யார் சொன்னது?"

"மூடி இல்லீங்களே சார்" என்றார் மேடம்.

"மூடி திறந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்க."

"வீழ்ச்சிச் சோதனை?"

"இங்கேயிருந்து ஓசூர் வரைக்கும் எத்தனை வேகத்தடை இருக்கு தெரியுமா? எழுதுங்க. தொடர் வீழ்ச்சிச் சோதனை."

முத்திரை விழுந்தது. பெரியண்ணன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருந்த காப்பிக்கொட்டைத் தொலியை லாரியில் கனமாகப் பரப்பி, அதில் முனியப்பனை உட்காரவைத்தோம். கயிறு போடவில்லை. இரண்டு பக்கமும் தொலி மூட்டைகளை அணைத்துவைத்தோம். கலைமணியும் பெரியண்ணனும் முன்னால் ஏறினார்கள். இறக்க ஆள் வேண்டும் என்று என்னைப் பின்னால் மூட்டைப் பக்கம் ஏற்றினார்கள். இணை இயக்குநர் வெள்ளைச் சட்டையோடு பின்னால் ஏறி, சாமியின் பார்வைக்கு நேராக, தொலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் எழுந்து முனியப்பனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கத்தி ஆடினால் கத்தியைப் பிடித்தார். பாலக்கோடு தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது, டிரைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். "உள்ளே என்ன இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?" என்று கத்தினார். காப்பனுப்புகைத் துறையில் இத்தனை வருஷம் இருந்தவர் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். முதலில் முனியப்பனைப் பார்த்தார், பிறகு தொலியில் உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கையை அசைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் சாமி உட்கார்ந்தார். ஒரு விரல் நுனிகூட உதிரவில்லை. தோட்டத்து ஜனமெல்லாம் முன்னால் வந்து நின்றது. "பொம்பள கைன்னு சொன்னாங்களே" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். "முன்னால வந்து நின்னு அதச் சொல்லு பாக்கலாம்" என்றார் பெரியண்ணன். முணுமுணுத்தவர் வந்து நின்றார், அந்த முழியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். கலைமணி மரத்துக்குப் பின்னால் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர், எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும், இதே கை வேண்டும் என்று அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

இணை இயக்குநர் சேவலைக் கையில் வாங்கினார். அவர் சேவலைப் பார்த்தார். சேவலும் அவரைப் பார்த்தது. கொடுத்துவிட்டுத் திரும்பியபோது தும்மல் நின்றிருந்தது.

இதற்குப் பிறகுதான் அறிக்கை வந்தது. மையத்தின் வரலாற்றில் பொருளும் சேதமாகாமல், பெட்டியும் சேதமாகாமல், சேருமிடத்தில் சேர்ந்த முதல் அனுப்புகை இதுதான் என்று கண்டுபிடித்திருந்தார்கள். காரணம் என்ன என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு ஒவ்வொன்றாகப் பார்த்தது. பெட்டி காரணம் இல்லை, பெட்டியே இல்லை. கயிறு காரணம் இல்லை. சோதனை காரணம் இல்லை. மற்ற பொருட்களுக்கு இல்லாமல் இதற்கு மட்டும் இருந்தது ஒன்றே ஒன்று: அனுப்புவதற்கு முன்பு கண் திறக்கப்பட்டிருந்தது. ஆகவே இனி எந்தக் கலைப்பொருளும் கண் திறக்காமல் மையத்திலிருந்து வெளியேறக்கூடாது என்று சுற்றறிக்கை போட்டார்கள். எழுத்துக் கூட்டி நானும் படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேனா என்று மாதுவிடம் கேட்டேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

சுற்றறிக்கை வந்த வாரமே ஒகேனக்கல்லிலிருந்து ஆரோக்கியராஜ் என்பவர் ஒரு பெரிய படத்தைக் கொண்டுவந்தார். அருவியைத் துணியில் வண்ணத்தால் வரைந்திருந்தார். புனேயில் யாரோ வாங்கியிருந்தார்கள். மேடம் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"கண்ணு எங்க?"

"இது அருவிங்க மேடம்."

"அருவிதான். கண்ணு எங்க?"

"அருவிக்கு ஏதுங்க மேடம் கண்ணு? தண்ணிங்க. பாறைங்க."

மேடம் சுற்றறிக்கையை நீட்டினார். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டார்.

அன்றைக்குக் கலைமணியும் வந்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்து முனியப்பனுக்குக் கண் திறக்க எந்த நாள் நல்லது என்று மேடத்தைக் கேட்கவேண்டியிருந்தது. இப்போதெல்லாம் மேடமே நாள் பார்க்கிறார். ஆரோக்கியராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் படத்தின் பக்கம் போனாள்.

"அண்ணா, படத்தக் கெடுக்காம ஒரு ஓரத்துல கண்ணு வெச்சுடட்டுங்களா?"

"வேற வழி இருக்குதாம்மா?"

"இங்க நான் சட்டி கொண்டாந்தாக்கூடக் கண்ணு வெச்சுத்தான் கொண்டாருவன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பாறைகளின் நிழலுக்குள், சின்னதாக இரண்டு கண் வைத்தாள். தேடினால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் வேறு எதையும் பார்க்க முடியாது. ஆரோக்கியராஜ் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் வந்தார்.

"நல்லாத்தான் இருக்குது. என்னையே பாக்குது."

கண் திறந்தாயிற்று. நானும் மாதுவும் கையைக் கட்டிக்கொண்டோம். மெமோ வாங்கிப் பழகிவிட்டது. மூடக்கூடாது, கட்டக்கூடாது என்றால் படத்தை அப்படியே கப்பியில் மாட்டிச் சோதித்துவிடுகிறேன் என்று அருண்குமார் சார் சொன்னார். கப்பிக்குச் சர்வீஸ் ஆகியிருந்தது. கொக்கியை மாட்டி, கயிற்றை இழுத்தார். படம் எழும்பியது. அவர் தலைக்கு நேரே வந்தபோது பாறைக்குள்ளிருந்து அந்த இரண்டு கண்ணும் அவரைப் பார்த்தன. கயிற்றை இழுத்த கை அப்படியே நின்றது.

ஆரோக்கியராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அருண்குமார் சார் கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்தினார். படம் தரையைத் தொடுவதற்கு முன்பு ஓடிவந்து ஒரு கையைக் கீழே கொடுத்தார். கொக்கியைக் கழற்றினார். எங்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. தன் சட்டையைக் கழற்றி அடியில் மடித்துவைத்து, படத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பனியனோடு வாசல்வரைக்கும் நடந்து, அங்கே நின்ற பார்சல் லாரியில் தானே ஏறி, சாயாமல் வைத்தார்.

"வழியில மேடு பள்ளம் இருக்கும். பாத்துப் போப்பா" என்று டிரைவரிடம் சொன்னார்.